விழுந்த பிறகு வரும் பணம்: புதுச்சேரியின் பழைய வீடுகளும் அவற்றைக் காக்கும் செலவும்

கேள்வி

புதுச்சேரியில் ஒரு பழைய வீடு விழுவதற்குப் புயல் தேவையில்லை. மொட்டைமாடித் தண்ணீர் இறங்கும் தூம்பில் வேப்பஞ்சருகு அடைத்துக்கொண்டால் போதும். தேங்கிய நீர் சுண்ணாம்புத் தளத்தின் மயிரிழை விரிசலில் இறங்கி, சுவருக்குள் செருகியிருக்கும் தேக்குக் கட்டையின் முனையை நனைக்கும். கட்டையின் நடுப்பகுதி வைரம்போல இருக்கும்போதே முனை மாவாகிவிடும். கறையான் பிறகுதான் வரும். கைப்பிடிச்சுவரில் காக்கை எச்சத்தோடு விழுந்த அரசம் வித்து முளைத்து, வேர் காரையைப் பிளக்கும். எட்டுப் பத்து மழைக்காலம் இப்படிப் போனால் ஒரு கார்த்திகை இரவில் கூரை உட்கார்ந்துவிடும். மறுநாள் செய்தித்தாளில் ‘கனமழையால் இடிந்தது’ என்று வரும்.

இதைத் தடுக்க, ஆண்டுக்கொருமுறை மாடியேறித் தூம்பைச் சுத்தம் செய்ய ஓர் ஆளும், விரிசலை அடைக்கக் கொஞ்சம் அரைத்த சுண்ணாம்பும் போதும். இதுவரை இந்த நகருக்கு வந்த பெரிய பாரம்பரிய நிதிகள் எதிலும் இந்தச் செலவு மையமாக இருந்ததில்லை. முகப்பைப் புதுப்பிக்கப் பணம் வந்திருக்கிறது. இடிந்துபோன கட்டிடத்தை மறுபடி எழுப்பக் கோடிக்கணக்கில் வந்திருக்கிறது. தனியார் விடுதிகளாக்கவும் முதலீடு வந்திருக்கிறது. ஆகவே சிறு நகரங்களின் பாரம்பரியப் பாதுகாப்புக்கு ‘நிதி இல்லை’ என்று வழக்கமாகச் சொல்லப்படுவதை அப்படியே ஏற்க முடியவில்லை. இல்லாதது தொகையா, அல்லது அத்தொகை வந்துசேரும் நேரமும் இடமுமா என்பதே இக்கட்டுரை கேட்கும் கேள்வி.

யாருடைய நகரம்

புதுச்சேரியின் பாரம்பரியம் என்றதும் மஞ்சள் சுவரும் வெள்ளைத் தூணும் காகிதப்பூக் கொடியும் நினைவுக்கு வருவது சுற்றுலா விளம்பரங்களின் வெற்றி. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே பிரெஞ்சுக் கம்பெனியின் குடியிருப்பை நிறுவியது முதல் தொடங்கும் கதையில், நேர்கோட்டு வீதிகளும் பிரெஞ்சுக்காரர் போட்டவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. ழான் தெலோஷ் 17ஆம் நூற்றாண்டு டச்சு வரைபடங்களை ஆராய்ந்து வெளியிட்ட பிறகு இந்தப் படம் மாறியது. 1693 முதல் 1699 வரை நகரம் டச்சுக்காரர் கையில் இருந்தது. அக்காலத்தில், 1694ஐ ஒட்டி வரையப்பட்ட திட்டங்களிலேயே சதுரம் சதுரமான வீதியமைப்பு இருக்கிறது. அந்தக் கட்டங்கள் பெரும்பாலும் நெசவாளர் உள்ளிட்ட உள்ளூர் மக்கள் குடியிருந்த மேற்குப் பகுதிக்கானவை. இன்று ‘பிரெஞ்சு ஒழுங்கு’ என்று வியக்கப்படுவதில் டச்சுக் கோடும் தமிழ்க் குடியிருப்பும் கலந்திருக்கின்றன.

1761இல் ஆங்கிலேயர் நகரைப் பிடித்து வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினர். 1765இல் நகரம் மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்தபோது ழான் லா த லொரிஸ்தோன் தலைமையில் மறுபடி கட்டப்பட்டது. ஆகவே நாம் இன்று காணும் பிரெஞ்சுக் கட்டிடங்களில் மிகப் பெரும்பாலானவை அதற்குப் பிற்பட்டவை. கால்வாய்க்குக் கிழக்கே கடலோரம் வெள்ளையர் பகுதி, மேற்கே தமிழ்ப் பகுதி என்று நகரம் பிரிந்தது. ஆனால் கட்டிடக்கலை கால்வாயோடு நின்றுவிடவில்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடாகவும் மேல்தளம் ஐரோப்பியத் தூண்களோடும் நிற்பது இந்தக் கலப்புக்கு எல்லோரும் காட்டும் உதாரணம்.

தமிழ்ப் பகுதி வீட்டைத் தனி வீடாகப் பார்த்தால் அதன் சிறப்பில் பாதிதான் தெரியும். வீதியோரம் மரக்கம்பங்கள்மேல் சாய்ந்திறங்கும் ஓட்டுத் தாழ்வாரம். அதற்குள் திண்ணை. பிறகு வாசற்கதவு, உள்ளே முற்றம். தாழ்வாரம் வழிப்போக்கருக்கு நிழல், திண்ணை அக்கம்பக்கத்தாருக்கு இடம், முற்றம் குடும்பத்துக்கு வானம். பக்கத்துப் பக்கத்து வீடுகளின் தாழ்வாரங்கள் தொடர்ந்து வந்தால்தான் வீதி முழுவதும் நிழலில் நடக்கலாம். நடுவில் ஒரு வீடு இடிந்து அங்கே நேர்ச்சுவர் எழுந்தால் வரிசையில் பல் விழுந்தது போலாகிவிடும். இங்கே பாதுகாப்பின் அலகு வீடு அல்ல, வீதி. நிதியைப் பற்றி எதைச் சொல்வதானாலும் இதை மனத்தில் வைக்க வேண்டியிருக்கிறது.

1984இல் தொடங்கப்பட்ட, கலை, பண்பாட்டு மரபுக்கான இந்திய தேசிய அறக்கட்டளையான இன்டாக்கின் புதுச்சேரிக் கிளை, 1990களின் நடுவில் எடுத்த கணக்கில் ஏறத்தாழ 1,800 பாரம்பரியக் கட்டிடங்கள் இருந்தன. பின்னர் வந்த கணக்குகளில் இது 1,200 அளவுக்குச் சுருங்கிவிட்டது. இழப்பு பெரும்பாலும் கால்வாய்க்கு மேற்கே. கிழக்கே உள்ள சொத்துகளில் கணிசமானவை அரசு, அரவிந்தர் ஆசிரமம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற அமைப்புகளின் கையில் இருப்பது இதற்கு முதன்மைக் காரணம். நிறுவனம் சாவதில்லை. அதன் சொத்து மூன்று மகன்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் பாகம் பிரிவதும் இல்லை. மேற்கே இருப்பவை குடும்பச் சொத்துகள்.

பாகம்

இந்த நகரின் பாதுகாப்பு பற்றி எழுதியவர்களிடம் மூன்று வகைப் பார்வைகளைக் காணலாம். கட்டிடக் கலைஞர்கள் தமிழ்–பிரெஞ்சு இணைவின் அழகையும் கட்டுமான நுட்பத்தையும் முன்வைத்து, விழிப்புணர்வும் விதிமுறையும் போதாமையே குறை என்கிறார்கள். காலனிய விமர்சகர்கள், காக்கப்படுவது ஆண்டவரின் நினைவேக்கம்தான் என்றும் கறுப்பர் பகுதி என்று ஒதுக்கப்பட்ட இடத்துக்கு இன்றும் அதே ஒதுக்கல் தொடர்கிறது என்றும் சொல்கிறார்கள். மூன்றாம் தரப்பினர் நிலத்தின் விலையைக் காட்டி விவாதத்தை முடித்துவிடுகிறார்கள்.

இந்த மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றுமே வீட்டுக்காரரின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து பார்ப்பதில்லை. ஒரு தமிழ்ப் பகுதி வீடு தாத்தா பெயரில் இருக்கிறது. வாரிசுகள் ஆறு பேர். 1962க்குப் பின் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்த குடும்பமென்றால் அவர்களில் இருவர் பிரான்சில். ஒருவர் மட்டும் அந்த வீட்டில் குடியிருக்கிறார். ஓடு மாற்றுவதற்கு அவர் செலவிட்டால் மற்ற ஐவரின் பாகத்துக்கும் சேர்த்துத்தான் செலவிடுகிறார். பாகப்பிரிவினையில் அந்தச் செலவு கணக்கில் வருமா என்பது நிச்சயமில்லை. இடித்து அடுக்குமாடி கட்டினாலோ ஆறு பாகமும் ஆறு வீடாகப் பிரிகிறது, கையெழுத்துகளும் ஒரே நாளில் கிடைத்துவிடுகின்றன. முற்றத்தை ஆறாகப் பிரிக்க வழியில்லை. நிலத்தின் விலை உயர்ந்ததால் மட்டும் வீடு இடிவதில்லை. பராமரிப்பு ஒருவர் பொறுப்பாகவும் விற்பனை எல்லோருடைய ஆதாயமாகவும் இருக்கும்போதுதான் இடிகிறது. பாரம்பரிய நிதி பற்றிய எழுத்துகளில் இந்தப் பாகக் கணக்கு ஏன் இத்தனை அரிதாகத் தென்படுகிறது என்பது எனக்கு வியப்புதான்.

வைசியாள் வீதி: பாதிக்குப் பாதி

இந்தச் சிக்கலை நேரடியாகத் தொட்ட ஒரே பெரிய முயற்சி என்று வைசியாள் வீதித் திட்டத்தைச் சொல்லலாம். கலவை சுப்பராயச் செட்டியார் பெயரையும் தாங்கிய அந்த வீதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட நிதியோடு 2002 முதல் 2004 வரை பணிகள் நடந்தன. புதுச்சேரிக்குத் துணை நகரங்களாக இத்தாலியின் உர்பீனோவும் பிரான்சின் வில்னவ்-சுர்-லோவும் இருந்தன. பாரம்பரியப் பாதுகாப்பின் வழியே பொருளாதார, சுற்றுச்சூழல் இலக்குகளையும் எட்டுவது திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம். இன்டாக் வடிவமைத்த ஏற்பாடு எளிமையானது. வீதியைப் பார்த்த முகப்பைச் சீரமைக்கும் செலவில் பாதியைத் திட்டம் தரும், மறுபாதி வீட்டுக்காரருடையது. ஏறத்தாழ இருபது வீடுகளின் முகப்புகள் இப்படிச் சீரடைந்தன. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய–பசிபிக் பாரம்பரியப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இந்த வீதிக்குக் கிடைத்தது.

இதன் நல்ல அம்சங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. முதன்முதலாக மரியாதை கால்வாயைத் தாண்டி மேற்கே வந்தது. ஒரு மாளிகையை எடுத்துப் பளபளப்பாக்காமல் வீதியை அலகாகக் கொண்டது. இலவசமாகக் கிடைத்ததற்கு யாரும் காவலிருப்பதில்லை என்பதை உணர்ந்து வீட்டுக்காரரின் கைக்காசையும் உள்ளே இழுத்தது. அரசு கையகப்படுத்தும் அச்சமோ தடை உத்தரவின் கசப்போ இல்லாமல் ஒப்பந்தத்தால் நடந்தது. இந்திய நகரங்களில் பாரம்பரியப் பாதுகாப்பு பெரும்பாலும் ‘செய்யாதே’ என்ற சொல்லோடு வருகிறது. இங்கே ‘சேர்ந்து செய்வோம்’ என்று வந்தது.

ஆனால் அதே ஏற்பாட்டுக்குள் மூன்று ஓட்டைகள் இருந்தன. மறுபாதி கையில் இருப்பவருக்குத்தான் முதல் பாதி கிடைக்கும். பாகத் தகராறில் உள்ள வீடும் வாடகை மட்டுமே வருமானமான முதியவரின் வீடும், அதாவது விழப்போகும் வீடுகள், வரிசையில் கடைசியில் நிற்கும். இரண்டாவது, பணம் முகப்போடு நின்றது. பொதுப்பணம் பொதுவில் தெரியும் இடத்துக்குச் செல்வது நியாயம்தான், ஆனால் முதல் பத்தியில் சொன்ன தேக்குக் கட்டை முகப்பில் இல்லை, மாடித் தளத்துக்கு அடியில் இருக்கிறது. முகம் கழுவிப் பொட்டிட்ட வீட்டுக்கு முதுகெலும்பு அரித்துக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, திட்டத்துக்கு முடிவுத் தேதி உண்டு, மழைக்கு இல்லை. கடற்காற்று அடிக்கும் ஊரில் சுண்ணாம்புப் பூச்சு சில ஆண்டுகளுக்கொருமுறை வெள்ளை கேட்கும், மரக்கம்பம் எண்ணெய் கேட்கும். 2004க்குப் பிறகு அந்தக் கேட்பு முழுவதும் வீட்டுக்காரர் தலையில்.

இன்னொரு விளைவு மெதுவாகத்தான் தெரிந்தது. இந்த வீடுகளின் மாடியான மெட்ராஸ் தளத்தைப் போட, தேக்குக் கட்டைகளின்மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வரிசையில் நிறுத்தி ஒட்டி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து நாள்கணக்கில் கட்டையால் தட்டி இறுக்க வேண்டும். கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் கலவையில் சேரும். இதைக் கைப்பழக்கமாக வைத்திருக்கும் கொத்தனாருக்கு வேலை விட்டு விட்டுத்தான் வருகிறது. திட்டம் வந்தால் இரண்டு ஆண்டு வேலை, முடிந்தால் அடுக்குமாடிக் கட்டிடத்தில் சிமென்ட் பூச்சு. அவர் மகன் சிமென்ட் வேலையையே கற்றுக்கொள்கிறான். பிறகு பழைய சுவரில் விரிசல் கண்ட வீட்டுக்காரர் கூப்பிடுவதும் அந்த மகனைத்தான். சிமென்ட் பூசிய சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட முடியாமல் ஈரத்தை உள்ளேயே வைத்துக்கொண்டு உப்புப் பொரிந்து உதிர்கிறது. நல்லெண்ணத்தோடு செய்த பழுதே வீட்டுக்கு நோயாகிறது. தவணை தவணையாக வரும் நிதி கைத்தொழிலைக் காப்பாற்றுவதில்லை என்பதை வைசியாள் வீதியின் புகழ் மறைத்துவிட்டது.

மேரி

கடற்கரைச் சாலையில் இருக்கும் ‘மேரி’ ஒரு பெண்ணின் பெயரல்ல. நகராட்சி மன்றத்துக்கான பிரெஞ்சுச் சொல் புதுச்சேரி நாவில் தேய்ந்த வடிவம். 1870–71இல் கட்டிய அந்த மண்டபம் 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. அதைச் சீரமைக்க வேண்டும் என்ற பேச்சு அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. பேச்சு நடந்த காலமெல்லாம் கூரை நனைந்துகொண்டிருந்தது.

விழுந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்குமாக உலக வங்கி 2013இல் ஒப்புக்கொண்ட 23.6 கோடி டாலர் கடன், கடலோரப் பேரிடர் அபாயக் குறைப்புத் திட்டம் என்ற பெயரில் நடந்துகொண்டிருந்தது. அந்தத் திட்டத்துக்குள் மேரியின் மறுகட்டுமானம் சேர்க்கப்பட்டது. ஏறத்தாழ 15 கோடி ரூபாய்ச் செலவில் பழைய வடிவிலேயே எழுந்த கட்டிடத்தைப் பிரதமர் 2021 பிப்ரவரி 25 அன்று திறந்துவைத்தார். கடற்கரையிலிருந்து பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. போரில் அழிந்து மறுபடி கட்டிய வார்சா பழைய நகரத்தையே 1980இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றிருக்கும்போது, மறுபதிப்பு என்பதற்காக மட்டும் மேரியை ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை.

என் ஆட்சேபம் வேறு. நிதி எந்தக் கதவு வழியே வந்தது? பேரிடர்க் கதவு வழியே. நிற்கும் கட்டிடம் ‘பழுது’ என்ற தலைப்பில் பொதுப்பணித் துறையின் ஆண்டுச் செலவோடு மல்லுக்கட்ட வேண்டும். விழுந்த கட்டிடம் ‘திட்டம்’ ஆகிவிடுகிறது. திட்டத்துக்கு மதிப்பீடும் ஒப்பந்தமும் கல்வெட்டும் திறப்புவிழாவும் உண்டு. தூம்பு சுத்தம் செய்ததற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. இது அதிகாரிகளின் சோம்பலைப் பற்றிய புகார் அல்ல. மூலதனச் செலவுக்கு வெளியிலிருந்து கடனும் மானியமும் கிடைக்கும், பராமரிப்புச் செலவுக்குக் கிடைக்காது என்ற பொது நிதி விதியின் நேர்விளைவு. பொறுப்புள்ள அதிகாரி ஒருவர் இந்த விதிக்குள் நின்றுகொண்டு கட்டிடம் விழக் காத்திருப்பதைவிட அறிவான வேறு முடிவை எடுத்திருக்க முடியுமா என்றுகூடச் சந்தேகம் வருகிறது.

2017 ஜூனில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்துக்குப் புதுச்சேரி தேர்வான பிறகு வந்த பணத்துக்கும் இதே குணம். இன்று வ.உ.சி. அரசு மேல்நிலைப் பள்ளியாக உள்ள கல்வே கல்லூரிக் கட்டிடம் போன்ற பெரும் பொதுக் கட்டிடங்கள் அதனால் பிழைத்தன. அது சிறிய ஆதாயமல்ல. இலக்கியத் தொடர்பும் ஒரு கவசம். பாரதியார் குடியிருந்த ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி வீடும், பாரதிதாசனின் பெருமாள் கோயில் வீதி வீடும் அருங்காட்சியகமாக நிற்கின்றன. கவிஞர் குடியிருக்காத வீடுகளுக்கு அந்தப் பாக்கியமில்லை. 2015இல் மத்திய அரசு 12 பாரம்பரிய நகரங்களுக்காக 500 கோடி ரூபாயோடு அறிவித்த ஹ்ரிதய் திட்டத்தில் காஞ்சிபுரமும் வேளாங்கண்ணியும் இடம்பெற்றன, புதுச்சேரி இல்லை.

விடுதியும் வீடும்

பொதுப்பணம் எட்டாத இடத்தைச் சந்தை நிரப்பியது. ஒரு காலத்தில் கல்வித் துறை அலுவலகமாக இருந்த மாளிகை, 2000ஆம் ஆண்டை ஒட்டி ஓட்டல் த லோரியானாக மாறியது இதில் முன்னோடி. பிறகு பெருமாள் கோயில் வீதியிலேயே ஒரு தமிழ் வீடு மெசோன் பெருமாள் என்ற விடுதியானது. இவற்றில் பராமரிப்புச் செலவு அறை வாடகையிலேயே அடங்கிவிடுகிறது. மாதாமாதம் மாடியேற ஆள் உண்டு. நான் மேலே அடுக்கிய குறைகளில் பெரும்பாலானவற்றுக்கு விடுதிக்காரர் விடை கண்டிருக்கிறார் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் விலை, வீதி காலியாவது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் எழுந்துபோய், அங்கே உணவுப்பட்டியல் பலகை நிற்கிறது. தாழ்வாரம் வழிப்போக்கரின் நிழலாக இருப்பதை விட்டு வாடிக்கையாளரின் காத்திருப்பு இடமாகிறது. ஒரு நகரம் எத்தனை விடுதிகளைத் தாங்கும் என்பதற்கும் எல்லை உண்டு. நூற்றுக்கணக்கான தமிழ் வீடுகளையும் விடுதியாக்கிக் காப்பாற்றிவிடலாம் என்று கணக்குப் போடுவோர் சனிக்கிழமையை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். செவ்வாய்க்கிழமை பார்க்க வேண்டும்.

வேறு இடங்களில் யார் கொடுக்கிறார்கள்

பிரான்சின் நகர்ப் பாதுகாப்புக்கு அடித்தளமான மல்ரோ சட்டம் 1962 ஆகஸ்ட் 4 அன்று வந்தது. தனிச் சின்னத்தைவிட்டு முழு நகரப் பகுதியைப் ‘பாதுகாக்கப்பட்ட வட்டாரம்’ ஆக்கிய சட்டம் அது. சார்லா நகரம் அதன் முதல் சோதனைக்களம். அதற்குப் பன்னிரண்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. 1954 நவம்பர் 1 முதலே ஆட்சி கைமாறிவிட்டதால் அச்சட்டம் இங்கே செல்லுபடியாகியிருக்க வாய்ப்பில்லை என்றாலும், இந்தத் தேதிகளின் நெருக்கத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பின்னாளில் அச்சட்டத்தோடு வருமானவரிச் சலுகையும் சேர்ந்தது. முழுக் கட்டிடத்தையும் சீரமைத்து வாடகைக்கு விடுபவர் அந்தச் செலவில் ஒரு பகுதியை வரியில் கழித்துக்கொள்ளலாம். வரி கட்டும் அளவு வருமானம் உள்ளவருக்குத்தான் வரிச் சலுகை உதவும். வைசியாள் வீதியில் மறுபாதி இல்லாதவருக்கு மல்ரோவாலும் பயனிருந்திருக்காது. பிரான்சிலேயே பல பழைய வட்டாரங்களில் எளிய குடித்தனக்காரர் வெளியேறியதற்கு இச்சலுகையும் ஒரு காரணமென்று விமர்சிக்கப்பட்டிருக்கிறது.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1733இல் சதுக்கங்களோடு திட்டமிடப்பட்ட சவானா, அளவிலும் கட்ட அமைப்பிலும் புதுச்சேரியோடு ஒப்பிடத்தக்கது. 1954இல் அங்கே பழைய சந்தைக் கட்டிடத்தை இடித்து வண்டி நிறுத்தும் கட்டிடம் எழுப்பினார்கள். அந்தக் கோபத்தில் ஏழு பெண்கள் கூடி, அடுத்து இடிபடவிருந்த டேவன்போர்ட் இல்லத்தை 1955இல் 22,500 டாலருக்கு வாங்கினார்கள். அதிலிருந்து பிறந்த அமைப்பு கண்ட வழி சுழல்நிதி: ஆபத்திலுள்ள வீட்டை வாங்கு, இடிக்கக்கூடாது, இன்ன காலத்துக்குள் சீரமைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுது, ஏற்பவருக்கு விற்றுவிடு, வந்த பணத்தில் அடுத்ததை வாங்கு. இடித்த சந்தை இருந்த எல்லிஸ் சதுக்கமே பிறகு அந்த வண்டிக் கட்டிடத்தை அகற்றிவிட்டு 2010இல் மீட்கப்பட்டது. பாகத்தால் விற்பனைக்கு வரும் வீடு இங்கேயும் ஏராளம் என்பதால், சுழல்நிதி புதுச்சேரியின் நோய்க்கு நேராகப் பொருந்தும் மருந்து. ஆறு வாரிசுகளுக்கும் பணம் கிடைக்கும், வீடும் நிற்கும். ஆனால் சவானாவிலும் வீடுகள் பிழைத்த தெருக்களிலிருந்து ஏழைகள், குறிப்பாகக் கறுப்பின மக்கள் வெளியேற நேர்ந்தது. அதை உணர்ந்துதான் 1970களில் குறைந்த வருமானக் குடித்தனக்காரரை அதே வீடுகளில் இருத்தும் தனி முயற்சி அங்கு தொடங்கியது. சுழல்நிதி வீட்டைக் காக்கும். குடித்தனத்தைக் காப்பது அதன் வேலைத்திட்டத்தில் தானாக வராது.

மும்பை 1995 விதிமுறைகளிலும் பின்னர் அகமதாபாத்திலும் கையாண்ட வளர்ச்சி உரிமை மாற்றம், அதாவது தன் மனையில் கட்ட முடியாத பரப்பை வேறொருவருக்கு விற்கும் ஏற்பாடு, பெருநகரச் சந்தைக்கானது. வாங்க ஆளுள்ள ஊரில்தான் அது பணமாகும்.

மன்றமில்லாத மண்டபம்

எந்த வழியைத் தேர்ந்தாலும் அதை ஆண்டுதோறும் நடத்த ஓர் உள்ளூர் நிர்வாகம் வேண்டும். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் நகராட்சித் தேர்தலே நடக்கவில்லை. 2006இல் நடந்தது, தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றத்தின் காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நின்றுபோனது. சொத்து வரியிலிருந்து ஒரு பங்கை வீதிகளின் பராமரிப்புக்கு ஒதுக்கு என்று வாக்காளரிடம் கேட்கவும், ஒதுக்காததற்குப் பதில் சொல்லவும் யாரும் இல்லாத நகரம் இது. ஐரோப்பிய ஒன்றியமோ உலக வங்கியோ மத்திய அரசோ வெளியிலிருந்து தரும் பணத்தை அதிகாரிகள் செலவிட முடியும். உள்ளூர்ப் பணத்தை உள்ளூர் வீதிக்குத் திருப்புவதற்கு மன்றம் வேண்டும். புதுச்சேரியின் பாரம்பரிய நிதி ஏன் எப்போதும் வெளியூரிலிருந்தே, திட்டத்தின் உருவிலேயே வருகிறது என்பதற்கு இதைவிட எளிய விளக்கம் எனக்குத் தெரியவில்லை. நகராட்சி மன்றம் கூடக் கட்டிய மேரியே உலக வங்கிக் கடனில் எழுந்து, மன்றமில்லாமல் திறக்கப்பட்டதில் இந்த உறவு முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஏணியும் இரண்டு ஆட்களும்

விடுதியைத் தவிர, இதுவரை சொன்ன எல்லா வழிகளிலும் தூம்பு அடைத்தபடியே இருக்கிறது. அதை மட்டுமே வேலையாகக் கொண்ட ஓர் அமைப்பு நெதர்லாந்தில் உண்டு. 1973இல் தொடங்கிய நினைவுச்சின்னக் காவல் என்னும் மொனுமென்டன்வாக்ட். வீட்டுக்காரர் ஆண்டுக்கு ஒரு சிறு சந்தா கட்டி உறுப்பினராகிறார். பயிற்சி பெற்ற இருவர் வண்டியில் ஏணியும் கருவிகளுமாக வந்து கூரையேறுகிறார்கள். வடிகாலைச் சுத்தம் செய்து, நழுவிய ஓட்டைச் சொருகி, ஒழுகும் இடத்தைத் தற்காலிகமாக அடைத்து, எதை உடனே பார்க்க வேண்டும், எது இரண்டாண்டு தாங்கும் என்று அறிக்கை எழுதித் தருகிறார்கள். கட்டாயப்படுத்துவதில்லை. அந்நாட்டு மாகாண அரசுகளின் மானியம் பின்னால் இருக்கிறது. 1991இல் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதியும் இம்முறையை எடுத்துக்கொண்டது.

இது புதுச்சேரிக்கு ஏன் பொருந்தும் என்று தோன்றுகிறது? பாகத் தகராறு தடையாகாது. கூரையேற ஆறு கையெழுத்து வேண்டாம், குடியிருப்பவரின் சம்மதம் போதும். மறுபாதி இல்லாதவருக்கும் சந்தா கட்டுப்படியாகும். சுண்ணாம்புக் கொத்தனார்கள் இருவர் மூவருக்கு மாதச் சம்பளத்தோடு பன்னிரண்டு மாதமும் வேலை. அவர்களுடைய அறிக்கைகள் சேரச் சேர, எத்தனை கட்டிடம் மிஞ்சியிருக்கிறது என்று பத்தாண்டுக்கொருமுறை எண்ணிப் பதறுவதை விட்டு, எந்த வீதியில் எந்தக் கூரை இந்த மழைக்குத் தாங்காது என்பதை முன்கூட்டியே அறியலாம். வைசியாள் வீதி மாதிரியான மானியம் திரும்ப வந்தால் அதை முகப்பழகைப் பார்த்துத் தராமல் இந்த அறிக்கையைப் பார்த்துத் தரலாம். இடைஞ்சலும் உண்டு: வீட்டுக்காரர் அந்நியரை மாடியேற விட வேண்டும், அறிக்கை எழுதியவர் அதை அரசிடம் கொடுத்து வீட்டைப் பட்டியலில் ஏற்றிவிடுவார் என்ற பயம் எழும். அரசுத் துறையாக இதைத் தொடங்கினால் அந்தப் பயம் நியாயமாகிவிடும். உறுப்பினர்களுக்கே பதில்சொல்லும் சங்கமாக, பழைய வீட்டுக்காரர்கள் சிலரே முன்னின்று தொடங்குவது நல்லது.

1694இல் இந்த நகரின் வீதிகளைக் கட்டம் கட்டமாக வரைந்தவர்கள் டச்சுக்காரர்கள். அந்த வீதிகளின் கூரைகளைப் பார்க்க ஏணி எடுத்து வருவதற்கு இப்போது நெதர்லாந்துவரை போக வேண்டியதில்லை. ஐப்பசிக்கு முன் இரண்டு மாதம் இருந்தால் முதல் ஐம்பது வீட்டு மாடிகளை ஏறிப் பார்த்துவிடலாம்.